கோழிக்கு வாதமா? தப்பியதை விற்காதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

தேவிபட்டினம் முதல் பெரியபட்டினம் வரை கரையோர ஊர்களில் நாட்டுக்கோழி இல்லாத தெரு அரிது. இரண்டு மாதம் தாண்டிய கோழி ஒரு காலை முன்னும் மறுகாலைப் பின்னும் நீட்டிக்கிடந்தால் வாதம் என்று எண்ணெய் தேய்க்கிறார்கள். பெரும்பாலும் அது மேரக்ஸ் நோய். ஹெர்பிஸ் வகை வைரஸ் நரம்பைத் தடிக்கச்செய்து ஈரலிலும் மண்ணீரலிலும் கட்டி எழுப்புகிறது. வெள்ளைக்கழிச்சல் எல்லா வயதுக் கோழியையும் சில நாளில் சாய்த்துவிடும். மேரக்ஸோ ஒவ்வொன்றாக எடுக்கும். மருந்து கிடையாது. மனிதருக்குத் தொற்றாது.

நோய் வந்ததும் மிஞ்சிய கோழிகளை விற்றுவிட்டுப் புதுக்குஞ்சு வாங்குவதுதான் பெருந்தவறு. தாங்கும் திறன் வம்சத்தில் வருவது. எலிகளிலும் இதைக் கண்டிருக்கிறார்கள்: கலிபோர்னியாவில் காசிடாஸ் ஏரிப்பக்கத்துக் காட்டெலிகளில், தாய்ப்பால்வழி பரவும் ரத்தப்புற்று வைரஸை ஒரே மரபணு தடுக்கிறது. கோழியில் வழி வேறு: வைரஸ் உள்ளே போகும், ஆனால் பி21 வகை எதிர்ப்பு மரபணுத் தொகுதி இருந்தால் கட்டி குறைவு. கார்னெல் பல்கலைக்கழகத்தின் ராண்டல் கோல் 1968இல் காட்டியதுபோல, சில தலைமுறை பொறுக்கி வளர்த்தாலே தாங்கும் வம்சம் பிரிந்து வந்துவிடும். ஆகவே கூட்டில் நோய் வந்தும் ஒருநாளும் நொண்டாத, ஆறு மாதம் கடந்த பெட்டையையும் சேவலையும் இனத்துக்கு நிறுத்துங்கள். முட்டைவழி இந்நோய் பரவாது.

ஆனால் அந்தத் தாய்க்கோழியின் இறகுப்பொடியிலேயே வைரஸ் உதிரும். மாதக்கணக்கில் தூசியில் உயிரோடிருக்கும். பொரித்த அன்றே கழுத்துத் தோலுக்கடியில் 0.2 மில்லி தடுப்பூசி போட்டாலும் அது பிடிக்க ஒன்றிரண்டு வாரம் ஆகும். அதுவரை குஞ்சுகளைத் தனியே பல்பு வெப்பத்தில் வையுங்கள். கச்சான் அடிக்கும் மாதங்களில் குஞ்சுக்கூடு பழைய கூட்டுக்குத் தென்மேற்கே இருக்கட்டும், வாடையில் வடகிழக்கே. கூட்டை நீர் தெளித்தபின் பெருக்குங்கள். தடுப்பூசி கட்டியைத்தான் தடுக்கும், தொற்றை அல்ல. ஊசி போட்டதையும் போடாததையும் ஒரே கூட்டில் விட்டால் போடாதது சாகக்கூடும்.

ஒரு தடுப்பூசிக் குப்பி பல நூறு குஞ்சுக்கு உரியது. கலக்கியபின் பனிக்கட்டியில் வைத்து ஒரு மணி நேரத்துக்குள் தீர்க்கவேண்டும். பத்துக் குஞ்சு வைத்திருக்கும் வீட்டுக்கு யார் திறப்பார்கள்? கால்நடை மருந்தகங்கள் மாதம் ஒருநாளை முன்கூட்டி அறிவித்தால், அதற்கு 21 நாள் முன்பு தெருவே சேர்ந்து அடைவைக்கலாம். ஒரு குப்பி ஊருக்கே போதும். மாவட்டக் கால்நடைத் துறை இதைத் தொடங்கவேண்டும்.

இப்படிக்கு,
நாட்டுக்கோழி வளர்ப்போர்,
தேவிபட்டினம், இராமநாதபுரம் மாவட்டம்