தலையைச் சுற்றி நியூயார்க்

காரைக்குடி,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மகள் கூப்பிடுகிறாள், நியூயார்க் எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம் உட்காரணும் என்று கேட்டிருக்கிறாய். போன மே மாதம் நான் போய்வந்த கதையைச் சொல்கிறேன், நீயே கூட்டிக் கழித்துக்கொள்.

சின்னவன் சிங்கப்பூரில் இருப்பதால் முதலில் அங்கே போனோம். திருச்சிக்குக் காரில் இரண்டு மணி நேரம். அங்கிருந்து சிங்கப்பூர் சுமார் 3,000 கிலோமீட்டர், நாலு மணி நேரம். எங்க வீட்டு ஆச்சி, என் மனைவிதான், சீப்புச் சீடை டப்பாவைத் திறந்து மூடுவதற்குள் பெல்ட்டைப் போடு என்றுவிட்டார்கள். என் ஐயா, அப்பாவைப் பெற்றவர், இதே ஊருக்குக் கொண்டுவிக்க, அதாவது தொழில் பார்க்க, போனது நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி. பினாங்கைத் தொட்டுப் போய்ச் சேர ஏறக்குறைய ஒரு வாரம். போனால் மூன்று வருஷக் கணக்கு முடித்துத்தான் திரும்புவார். அப்பச்சி, அதான் என் அப்பா, பிறந்த சேதியே அவருக்குக் கடுதாசியில்தான் போனதாம். மார்க்கெட் தெருவில் ஐயா தொழில் நடத்தித் தங்கியிருந்த கிட்டங்கி இருந்த இடத்தைத் தேடினேன், உயர உயரக் கட்டடங்கள் நிற்கின்றன. டேங்க் ரோட்டு முருகன் மட்டும் 1859-லிருந்து அங்கேயே இருக்கிறார்.

அடுத்தது சிங்கப்பூரிலிருந்து நியூயார்க், அதுதான் பெரிய தாண்டல். இடையில் இறங்காமல் 15,300 கிலோமீட்டருக்கு மேல், 18 மணி 40 நிமிஷம். இப்போதைக்கு உலகத்திலேயே நீளமான விமானப் பயணம் அதுதான். எனக்கு வாய்த்தது நடுச்சீட். பத்தாவது மணி நேரத்தில் செருப்புக்குள் கால் நுழையவில்லை. ஒரு வேடிக்கை, சிங்கப்பூரில் திருத்திய கைக்கடிகாரத்தை நியூயார்க்கில் தொடவே இல்லை. கோடையில் இரண்டு ஊருக்கும் சரியாக 12 மணி நேர வித்தியாசம். முள் அதே இடம், பகல்தான் ராத்திரி.

நியூயார்க்கில் பேரன் மேசையில் பூகோள உருண்டை இருந்தது. ஆச்சியின் தையல் நூலை வாங்கி இரண்டு ஊருக்கும் நடுவே இழுத்துப் பிடித்தேன். நூல் கிழக்கேயும் போகவில்லை, மேற்கேயும் போகவில்லை. நேரே மேலே ஏறி, வடதுருவத்தை உரசி, அந்தப் பக்கம் இறங்கியது! நாங்கள் வந்ததோ பசிபிக்கைக் கடந்து. சுற்றுவழிதானே என்றேன். உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே அடிக்கிற காற்று பின்னாலிருந்து தள்ளும் ஐயா, கிலோமீட்டர் கூடினாலும் நேரம் மிச்சம் என்கிறான் பொடியன்.

திருச்சிக்கும் நியூயார்க்குக்கும் நூல் பிடித்தால் 13,600 கிலோமீட்டர்தான். நான் போனது 18,300-க்கும் மேல். தலையைச் சுற்றி மூக்கைத் தொட்ட கதை. உன் முழங்காலுக்கு அது ஆகாது. சென்னையிலிருந்து துபாய் நாலு மணி நேரம், அங்கே இறங்கிக் காலாற நட, பிறகு ஒரு 14 மணி நேரம். நடைபாதை ஓரத்துச் சீட்டாகக் கேட்டு வாங்கு. வெட்கப்படாமல் மணிக்கொரு தரம் எழுந்து நில்.

டிக்கெட் போடுமுன் பாஸ்போர்ட் தேதியைப் பார், அந்த விஷயத்தில் உன்னை நம்ப முடியாது. நாள் குறித்ததும் எழுது. உன் மகளுக்குத் தேன்குழல் சுட்டுத் தருவதாக ஆச்சி சொல்கிறாள், நொறுங்காமல் கொண்டுபோவது உன் பாடு.

உன் பழைய பெஞ்சுக்காரன்