எட்டுப் போட்டால் போதுமா? பைக் லைசென்ஸ் தேர்வு குறித்து ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய போக்குவரத்து மற்றும் சாலைப் பாதுகாப்பு ஆணையர் அவர்களுக்கும், தேர்வுத் திடலில் வெயிலில் நிற்கும் மோட்டார் வாகன ஆய்வாளர்களுக்கும்,

வணக்கம்.

தமிழ்நாட்டில் பைக் லைசென்ஸ் என்றாலே "எட்டுப் போட்டாச்சா?" என்பதுதான் கேள்வி. காலை ஊன்றாமல், கோட்டை மிதிக்காமல், வண்டி ஆஃப் ஆகாமல் ஓர் எட்டு. அது வந்துவிட்டால் எல்லாம் வந்துவிட்டதாகக் கணக்கு. நாங்கள் இருசக்கர வாகனம் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர்கள், பழுது பார்ப்பவர்கள். எட்டை எடுத்துவிடச் சொல்லி இதை எழுதவில்லை. எட்டோடு "நிறுத்திக் காட்டு" என்ற தேர்வையும் சேருங்கள் என்பதே எங்கள் கோரிக்கை.

எட்டில் நல்லதும் உண்டு. பாதி கிளட்ச்சில் வண்டியை ஊரவிடுவது, தலையைத் திருப்பிப் போகும் பக்கம் பார்ப்பது, மெதுவான வேகத்தில் சமநிலை ஆகிய மூன்றும் அதில் வந்துவிடும். ஆனால் எட்டுப் போடும் வேகம் நடக்கிற ஆளைவிடக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். அந்த வேகத்தில் ஹேண்டில்பார் திரும்பியிருக்கும்போது முன் பிரேக்கைப் பிடித்தால் வண்டி அப்படியே சாயும். அதனால் பழகும் முதல் நாளிலேயே "முன் பிரேக்கைத் தொடாதே" என்று சொல்லிவிடுகிறோம். எட்டுக்கு அது சரியான அறிவுரை. சிக்கல் என்னவென்றால், லைசென்ஸ் கையில் வந்த பிறகும் அந்த அறிவுரை கூடவே வருகிறது. சென்னை ஜி.எஸ்.டி. சாலையில் முன்னால் போகும் கார் திடீரென நிற்கும்போது, இருபது வருடம் ஓட்டியவரும் வலது காலை மட்டும் அழுத்துகிறார். பின் சக்கரம் இறுகிப்போய், வண்டி பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போகிறது.

காரணம் எளிது. பிரேக் பிடித்ததும் வண்டியின் எடையும் ஓட்டுபவரின் எடையும் முன் சக்கரத்துக்கு மாறுகின்றன. முன் டயர் தரையில் அழுந்தப் பிடி கூடுகிறது. பின் டயர் இலேசாகிப் பிடி குறைகிறது. நிறுத்தும் வலுவில் பெரும்பகுதி முன் பிரேக்கில்தான் இருக்கிறது. காய்ந்த தார்ச்சாலையில் மணிக்கு 50 கி.மீ. வேகத்தில், இரண்டு பிரேக்கையும் சரியாகப் பிடித்தால் வண்டி நிற்க ஏறத்தாழ 16 மீட்டர் ஆகும். பின் பிரேக் மட்டும் என்றால் அதைப்போல் இரு மடங்கு, 32 மீட்டர் வரை போகும். ஆபத்தைப் பார்த்துக் கை கால் அசையும் அந்த ஒரு விநாடியில் ஓடும் 14 மீட்டர் தனிக் கணக்கு. அந்த 16க்கும் 32க்கும் இடையிலான 16 மீட்டரில் ஓர் அரசுப் பேருந்தே நின்றுவிடும். வித்தியாசம் அவ்வளவு.

2022இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள் என்கிறது மத்திய அரசின் அறிக்கை. அவர்களில் ஏறக்குறைய 45 விழுக்காட்டினர் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். அந்த ஆண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு: 64,105. எல்லாமே பிரேக்கால் வந்தவை என்று சொல்லவில்லை. ஆனால் லைசென்ஸ் கொடுக்கும் முன் ஒருமுறைகூட நிறுத்திக் காட்டச் சொல்லாத தேர்வு, இந்தக் கணக்கில் தன் பங்கு இல்லை என்று சொல்லிவிட முடியாது.

இதற்குப் புதுச் சட்டம் வேண்டியதில்லை. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989இன் 15ஆம் விதியில், ஓட்டுநர் காட்ட வேண்டிய திறன்களின் வரிசையில் அவசரத்தில் வண்டியை நிறுத்துவதும் இருக்கிறது. விதியில் உள்ளது திடலில் இல்லை. சிங்கப்பூரில் சிறிய பைக்குகளுக்கான 2பி வகுப்பு உரிமத்துக்கு எட்டும் உண்டு, குறுகலான பலகை மேல் ஓட்டுவதும் உண்டு, அவசர பிரேக்கும் உண்டு. இங்கே முதலாவதை மட்டும் வைத்துக்கொண்டோம்.

தேர்வை எப்படி நடத்தலாம் என்று சொல்கிறோம். 60 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலமுள்ள நேரான தார்த்தடம் போதும். மண், ஜல்லி இருக்கக் கூடாது. தினமும் காலையில் பெருக்க வேண்டும். முதல் 40 மீட்டர் வேகம் எடுக்க. அங்கே இரண்டு கூம்புகள், அவற்றிலிருந்து 8 மீட்டரில் ஒரு வெள்ளைக்கோடு, அதற்கப்பால் 12 மீட்டர் வெற்றிடம். ஓட்டுபவர் இரண்டாம் கியரில் மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் வந்து, கூம்பைத் தாண்டியதும் பிரேக் பிடித்துக் கோட்டுக்குள் நிற்க வேண்டும். நன்றாகப் பிடித்தால் 6 மீட்டரில் நிற்கும். புதியவருக்கு 2 மீட்டர் சலுகை. பின் பிரேக்கை மட்டும் நம்பி வருபவர் 11, 12 மீட்டர் வரை போவார், யாரும் சொல்லாமலே தெரிந்துவிடும். மூன்று வாய்ப்பு கொடுங்கள். பின் சக்கரம் பூட்டித் தரையில் கோடு இழுத்தால் அந்த வாய்ப்பு கணக்கில் வராது.

கற்றுக்கொடுக்கும் முறையில்தான் அதிகம் தவறு நடக்கிறது. முதலில் வண்டியும் ஹேண்டில்பாரும் நேராக இருக்க வேண்டும். ஆக்ஸிலரேட்டரை முழுதாக மூடிவிட்டு, பின் பிரேக்கை இலேசாகவும் முன் பிரேக்கைப் படிப்படியாகவும் பிடிக்க வேண்டும். முன் லீவரை வெடுக்கென்று இழுக்கக் கூடாது. எலுமிச்சம்பழம் பிழிவதுபோல முதலில் மெல்ல, முன்பக்கம் அழுந்தி இறங்கியதும் இறுக்கமாக. எடை முன்னுக்கு வருவதற்குள் இழுத்தால் முன் சக்கரம் பூட்டிக்கொள்ளும். அப்படிப் பூட்டினால் உடனே விட்டுவிட்டு மறுபடி பிடிக்க வேண்டும். கிளட்ச் கடைசியில், வண்டி நிற்கப்போகும்போது மட்டும். பலர் பயத்தில் முதலில் கிளட்ச்சைத்தான் பிடிக்கிறார்கள். என்ஜின் கொடுக்கும் இழுவை போய், வண்டி சும்மா உருண்டு ஓடுகிறது. பார்வை தூரத்தில் இருக்கட்டும். சக்கரத்தைக் குனிந்து பார்ப்பவர் சக்கரத்தின் மேலேயே விழுவார். 15 கி.மீ. வேகத்தில் பத்து முறை, 20இல் பத்து முறை, பிறகு 30 என்று ஏற்றிப் போனால் இரண்டு மாலைகளில் கை பழகிவிடும். எல்.எல்.ஆர். (பழகுநர் உரிமம்) எடுத்து 30 நாள் காத்திருக்கத்தானே வேண்டும்? இப்போது அந்த 30 நாள் பெரும்பாலும் சும்மா கழிகிறது.

ஏ.பி.எஸ். (சக்கரம் பூட்டாமல் காக்கும் பிரேக் அமைப்பு), சி.பி.எஸ். (ஒன்றைப் பிடித்தால் இரண்டு பிரேக்கும் சேர்ந்து பிடிக்கும் அமைப்பு) இரண்டையும் வேறு பிரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2019 ஏப்ரல் முதல் 125 சி.சி.க்கு மேற்பட்ட வண்டிகளுக்கு ஏ.பி.எஸ்.ஸும், அதற்குக் கீழே சி.பி.எஸ்.ஸும் கட்டாயமாக்கப்பட்டன. சி.பி.எஸ். உள்ள ஸ்கூட்டரில் இடது லீவரைப் பிடித்தால் முன் பிரேக்கும் கொஞ்சம் சேர்ந்து பிடிக்கும். அந்தக் "கொஞ்சம்" போதாது, வலது லீவரும் வேண்டும். சக்கரம் பூட்டுவதையும் அது தடுக்காது. ஏ.பி.எஸ். தடுக்கும். ஆனால் அது வேலை செய்யும்போது லீவர் கையில் படபடவென்று உதைக்கும். ஏதோ உடைந்துவிட்டதென்று பயந்து கையை எடுத்துவிடுகிறார்கள். உதைத்தால் இன்னும் அழுத்திப் பிடிக்க வேண்டும். ஷோரூமில் சாவி கொடுக்கும்போது இந்த ஒரு வாக்கியத்தைச் சொன்னாலே புண்ணியம்.

தேர்வுக்கு வரும் வண்டியையும் இரண்டு நிமிடம் பாருங்கள், அல்லது ஓட்டுபவரையே பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். ட்ரம் பிரேக் என்றால் லீவர் நுனி 10 முதல் 20 மி.மீ. வரைதான் வெற்றாக அசையலாம். பிரேக் தகட்டில் உள்ள அம்புக்குறி எல்லைக் கோட்டைத் தொட்டிருந்தால் பிரேக் ஷூ முடிந்தது. நட்டை முடுக்கிப் பயனில்லை. டிஸ்க் என்றால் பிரேக் ஆயில் பழுப்பேறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும். ஒர்க்‌ஷாப்பில் நாங்கள் அடிக்கடி பார்ப்பது இன்னொன்று: பின் பிரேக்குக்கு எரியும் சிவப்பு விளக்கு முன் பிரேக்குக்கு எரியாது. லீவர் அடியிலுள்ள சுவிட்ச் போயிருக்கும். முன் பிரேக்கைப் பிடிக்கச் சொல்லிக் கொடுத்துவிட்டு இதைக் கவனிக்காவிட்டால், பின்னால் வருபவருக்கு நாம் நிற்பதே தெரியாது. கண்ணாடியைக் கழற்றிவிட்டு வரும் வண்டியைத் திடலுக்குள்ளேயே விடாதீர்கள்.

கண்ணாடி இருந்தாலும் தோளுக்கு மேல் ஒரு பார்வை வேண்டும். அதைச் சோதிப்பது எளிது. ஓட்டுபவர் தடம் மாறும் முன் பின்னால் நிற்கும் உதவியாளர் சில விரல்களைக் காட்டட்டும். எத்தனை விரல் என்று ஓட்டுபவர் சொல்ல வேண்டும்.

ஹெல்மெட் விஷயத்தில் நீங்கள் செய்யாதது இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 129ஆம் பிரிவு இருக்கிறது, 1,000 ரூபாய் அபராதமும் இருக்கிறது. தேர்வுக்கு வருபவர் பக்கத்து ஆளிடம் இரவல் வாங்கி, பட்டையை மாட்டாமல் தலையில் கவிழ்த்துக்கொண்டு வருகிறாரே, அதற்கு ஒரு வழி: பட்டையை மாட்டச் சொல்லிவிட்டு, ஹெல்மெட்டின் பின் விளிம்பைப் பிடித்து முன்பக்கமாகத் தள்ளிப் பாருங்கள். கழன்று வந்தால் அன்றைக்குத் தேர்வு இல்லை. ஹெல்மெட்டுக்கான இந்தியத் தர முத்திரையான ஐ.எஸ். 4151 இருக்கிறதா என்பது அதற்கடுத்த கேள்வி.

கார், பேருந்து, லாரி உரிமம் கேட்பவர்களுக்கும் ஒன்று வேண்டும். தேர்வுக்கு முன் அவர்களைப் பேருந்தின் ஓட்டுநர் இருக்கையில் உட்காரவைத்து, முன் இடது சக்கரத்தை ஒட்டி ஒரு ஸ்கூட்டரை நிறுத்துங்கள். பலருக்குக் கண்ணாடியில் ஹெல்மெட் நுனிகூடத் தெரியாது. பைக் கற்பவரையும் ஒருமுறை அதே இருக்கையில் ஏற்றுங்கள். இடப்பக்கம் திரும்பும் பேருந்தின் இடது ஓர இடைவெளியில் பைக்கை நுழைப்பது எவ்வளவு ஆபத்து என்பதும், பின் சக்கரம் முன் சக்கரத்தைவிட உள்வாங்கித்தான் வரும் என்பதும் அப்போது விளங்கும். கார்காரர்களுக்குக் கதவைத் திறக்க இடது கையைப் பழக்குங்கள். வலப்பக்கக் கதவை இடது கையால் திறந்தால் உடம்பு தானாகத் திரும்பும், பின்னால் வரும் பைக் கண்ணில் படும்.

எல்லா அலுவலகத்திலும் ஒரே நாளில் தொடங்க முடியாது என்பது தெரியும். தார்போட்ட திடல் உள்ள ஓர் அலுவலகத்தைத் தேர்ந்தெடுத்து மூன்று மாதம் நடத்திப் பாருங்கள். தேவை ஓர் அளவுநாடா, நாலைந்து கூம்பு, ஒரு வாளி வெள்ளைப் பெயின்ட். ஆய்வாளர்களுக்கு ஒருநாள் செயல்முறைப் பயிற்சி தேவைப்பட்டால், எங்கள் வண்டிகளோடு வந்து நடத்திக் கொடுக்கத் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
இருசக்கர வாகனப் பயிற்சியாளர்கள், மெக்கானிக்குகள்
தமிழ்நாடு