2027-க்கு அப்புறம் என்ன? கார்பன் சந்தை அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

எரிசக்தித் திறன் பணியகம், மத்திய சுற்றுச்சூழல் அமைச்சக அதிகாரிகளுக்கு,

வணக்கம். நான் அரியலூர் பக்கம் ஒரு சிமென்ட் ஆலையில் சூளைப் பிரிவுப் பொறியாளன். 2025 அக்டோபரில் நீங்கள் அறிவித்த உமிழ்வு இலக்குகளை, அதாவது ஒரு டன் உற்பத்திக்கு இவ்வளவு கார்பன்தான் வெளியிடலாம் என்று ஆலைகளுக்கு 2026-27 வரை விதித்த வரம்புகளை, நான் மனதார வரவேற்றவன். இலக்கைவிடக் குறைவாக வெளியிடும் ஆலைக்குக் கார்பன் சான்று கிடைக்கும், இலக்கைத் தவறவிட்ட ஆலை அதைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். போன வாரம் ஆலையில் நடந்த கூட்டம்தான் என்னை எழுத வைத்தது.

சும்மா கிடக்கும் பழைய சூளையைக் களிமண் சுட மாற்றலாம் என்று திட்டம் கொடுத்திருந்தோம். சிமென்ட் ஆலை வெளியிடும் கார்பனில் பாதிக்கு மேல் நிலக்கரியிலிருந்து வருவதில்லை. சுண்ணாம்புக்கல் வேகும்போது அந்தக் கல்லிலிருந்தே வருகிறது. எரிபொருளை மாற்றி அதைத் தடுக்க முடியாது, அந்தக் கல்லைச் சுட்டுக் கிடைக்கும் கிளிங்கரைத்தான் (அரைத்தால் சிமென்ட் ஆகும் கட்டிகள்) குறைக்க வேண்டும். சுட்ட களிமண்ணும் அரைத்த சுண்ணாம்புக்கல்லும் சேர்த்தால் பாதி கிளிங்கர் போதும். கிளிங்கருக்கு 1,450 டிகிரி வேண்டும், களிமண்ணுக்கு 800 டிகிரி சுமார். டெல்லி, சென்னை ஐஐடிகள் இதற்காகப் பல ஆண்டுகள் உழைத்திருக்கின்றன. 2023-ல் இந்த சிமென்ட்டுக்கு ஐ.எஸ். 18189 என்ற இந்தியத் தரநிர்ணயமும் வந்துவிட்டது.

கணக்குப் பிரிவு அதிகாரி எக்செல் தாளைத் திரையில் போட்டார். 'கார்பன் சான்று வருமானம்' வரிசையில் 2026-27 வரை ஏதோ ஒரு உத்தேசத் தொகை. அதற்கப்புறம் எல்லாக் கட்டமும் காலி. "என்ன விலை போடட்டும், நீங்களே சொல்லுங்க சார்" என்றார். எங்களிடம் பதில் இல்லை. பழைய மின்விசிறிகளுக்கு வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவ் பொருத்த மட்டும் அனுமதி கிடைத்தது. களிமண் திட்டம் கிடப்பில் போனது.

அவர் மேல் தப்பில்லை. இதற்கு முன் ஆலைகளின் எரிசக்திச் செலவைக் குறைக்க நடந்த பாட் (PAT) திட்டத்தின் முதல் சுற்றில் 38 லட்சத்துக்கு மேல் எரிசக்திச் சேமிப்புச் சான்றுகள் விற்பனைக்கு இருந்தன. வாங்க வேண்டியிருந்தது 14 லட்சம் சுமார். விலை எங்கே நிற்கும்? ஐரோப்பாவிலும் கார்பன் வெளியிடும் உரிமங்களை அள்ளிக் கொடுத்ததில் 2007-ல் விலை பூஜ்யத்தை ஒட்டி வந்தது. இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததல்ல. தெரிந்தும், இலக்கைத் தவறவிட்டால் சான்றின் சராசரி விலையைப் போல் இரண்டு மடங்கு இழப்பீடு என்று விதி எழுதியிருக்கிறீர்கள். விலை விழுந்தால் அபராதமும் சேர்ந்து விழும். அப்படியொரு சந்தையில் யார் புதுத் தொழில்நுட்பத்தில் கோடிக்கணக்கில் பணம் போடுவார்கள்? கையில் இருக்கும் மலிவான வேலையை முடித்துக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள்.

மக்கள் வரிப்பணத்தில் நடந்த ஆராய்ச்சி இது. எங்கள் ஊர்க் கடைகளில் அந்த சிமென்ட் ஒரு மூட்டைகூட நான் பார்த்ததில்லை. மண்ணைத் தோண்டி விற்கத் தெரிந்த நாட்டுக்குத் தன் விஞ்ஞானிகளின் உழைப்பைச் சந்தைக்குக் கொண்டுவரத் தெரியவில்லையே என்று ஆத்திரம் வருகிறது. கடுமையாகப் பேசிவிட்டேன் என்றால் மன்னியுங்கள்.

கேட்பது ஒன்றுதான். 2027-க்குப் பிறகான இலக்குகளையும், சான்றின் விலை அதற்குக் கீழே போகாது என்று நம்பக்கூடிய அடிவிலையையும் பத்து ஆண்டுகளுக்குச் சேர்த்து இப்போதே அறிவியுங்கள். அபராதத்தையும் அந்த அடிவிலைக்குக் குறையாமல் நிர்ணயியுங்கள். எங்கள் ஆலையின் அடுத்த முதலீட்டுக் கூட்டத்துக்குள் அந்த எண்கள் கைக்கு வந்தால் களிமண் திட்டத்தை மறுபடி எடுத்து வைப்போம். தயவுசெய்து சீக்கிரம் முடிவெடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு சிமென்ட் ஆலைப் பொறியாளன்,
அரியலூர் மாவட்டம்