விதவை டக்ளஸ் வீட்டுப் பையன்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. கண் புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பொடி எழுத்தும் இப்போது தெரிகிறது. காலேஜில் நாம் பாதியில் விட்ட மார்க் ட்வைனின் ஹக்கிள்பெரி ஃபின் நாவலை எடுத்து முழுக்கப் படித்துவிட்டேன்.

அந்தக் கதை என்றாலே எல்லோருக்கும் தெப்பமும் மிசிசிப்பி ஆறும்தான் ஞாபகம் வரும். எனக்கு இந்தத் தடவை பிடித்துப்போனது ஆரம்ப அத்தியாயங்கள், விதவை டக்ளஸின் வீடு. கதை சொல்லும் பையன் ஹக்குக்குத் தாய் இல்லை. அப்பன் குடிகாரன், இருந்தும் ஒன்றுதான் இல்லாவிட்டாலும் ஒன்றுதான். பீப்பாய்க்குள் படுத்துத் தூங்கியவனைக் கூட்டிவந்து மனுஷனாக்கப் பார்க்கிறார் அந்த அம்மாள். மணி அடித்தால் சாப்பிட வரவேண்டும். வந்தாலும் உடனே கைவைக்கக் கூடாது, அவர் தலை குனிந்து ஜெபம் பண்ணும்வரை காத்திருக்க வேண்டும். இவனோ, சாப்பாடு நன்றாகத்தானே இருக்கிறது, எதற்கு அதைப் பார்த்து முணுமுணுக்கிறார் என்று யோசிக்கிறான்! ஒவ்வொன்றையும் தனித்தனியாக வேகவைப்பதும் அவனுக்குப் பிடிக்கவில்லை. எல்லாம் ஒன்றாகக் கிடந்து சாறு கலந்தால்தான் ருசியாம். கூட்டாஞ்சோறு தின்று வளர்ந்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

புகை பிடிக்காதே என்கிற அம்மாள் மூக்குப்பொடி போடுவார். அது மட்டும் சரி, ஏனென்றால் போடுவது அவர்!

அவருடைய சகோதரி மிஸ் வாட்சன் வேறு ரகம். கண்ணாடியும் ஸ்பெல்லிங் புத்தகமுமாக வந்து உட்காருவார். காலை அங்கே வைக்காதே, அப்படி நெளியாதே என்று ஓயாத பாட்டு. நரகத்தைச் சொல்லிப் பயமுறுத்தினால், அங்கேயே போய்விடலாம் போலிருக்கிறது என்கிறான் பையன்.

ஒரு ராத்திரி கூட்டாளி டாம் சாயரோடு சுற்றிவிட்டு, புதுச் சட்டையெல்லாம் மண்ணும் பிசுக்குமாக வீடு திரும்புகிறான். காலையில் மிஸ் வாட்சன் பிடிபிடியென்று பிடிக்கிறார். விதவை ஒரு வார்த்தை திட்டவில்லை. அழுக்கைத் துடைத்துவிட்டு வருத்தத்தோடு பார்க்கிறார், அவ்வளவுதான். முடிந்தால் கொஞ்ச நாள் ஒழுங்காக இருந்து பார்ப்போம் என்று இவனுக்குத் தோன்றிவிடுகிறது. 'முடிந்தால்' என்று அவன் சேர்த்துக்கொள்வதைக் கவனி.

மிஸ் வாட்சன் கற்றுக்கொடுத்ததும் வீண்போகவில்லை. அவருடைய அடிமைதான் ஜிம். 800 டாலருக்குத் தெற்கே விற்கப் பார்க்கிறார் என்று தெரிந்துதான் அவன் ஓடுகிறான். ஹக்கும் அவனுமாகத் தெப்பத்தில் ஆற்றோடு போகிறார்கள். பின்னால் ஜிம் பிடிபட்டதும், அவன் எங்கே இருக்கிறான் என்று ஹக் அவருக்கே ஒரு கடிதம் எழுதுகிறான். எழுத்து அந்த வீட்டில் இருந்தபோது படித்தது, அடிமை தப்ப உதவினால் பாவம் என்ற பயமும் அந்த ஊர் ஊட்டியதுதான். எழுதி முடித்ததும் மனசு லேசாகிறது. அப்புறம் ஆற்றில் ஜிம் தன்னை எப்படிப் பார்த்துக்கொண்டான், ஹக்கின் முறைக் காவலையும் ஜிம்மே நின்று இவனைத் தூங்கவிட்டது எல்லாம் ஞாபகம் வருகிறது. சரி, நரகத்துக்கே போகிறேன் என்று கிழித்துப்போடுகிறான். நரகம் பொய் என்று நினைத்துக் கிழிக்கவில்லை சேகர், நிஜம் என்று நம்பிக்கொண்டே கிழிக்கிறான். அந்த இடத்தில் புத்தகத்தைக் கொஞ்ச நேரம் மூடி வைத்துவிட்டேன். 1885-ல் அமெரிக்காவில் வெளிவந்த புத்தகம், எழுதியவருக்குத் துணிச்சல்தான்.

உன் தங்கை மகன் உங்களோடு வந்து இருக்கிறான், சொன்ன பேச்சு கேட்பதில்லை, தட்டைத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய்விடுகிறான் என்று எழுதியிருந்தாய். போகட்டுமே. தாயில்லாப் பிள்ளை, வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஒருநாள் நீயும் உன் தட்டை எடுத்துக்கொண்டு மேலே போய்ப் பாரேன். வைவதை மட்டும் உன் அண்ணியிடம் விட்டுவிடாதே, அவர் மிஸ் வாட்சனுக்கே பாடம் எடுப்பார்!

பொங்கலுக்கு இந்தப் பக்கம் வருவதாக இருந்தால் அவனையும் கூட்டிக்கொண்டு வா. வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிறது. உன் சர்க்கரை இப்போது எவ்வளவு இருக்கிறது என்று மறக்காமல் எழுது.

அன்புடன்,
ராமு