மூன்று நிமிடம் வேண்டாம், இருபது விநாடி போதும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு சிறுவர் பகுதியில், பொம்மைகள் உயிர்பெறும் குடும்பப் படங்களைப் பற்றிய கட்டுரையைப் படித்தேன். பக்கத்திலேயே, வீட்டிலுள்ள பொம்மைகளை வைத்து மூன்று நிமிடப் படம் எடுத்து இரண்டு வாரத்துக்குள் அனுப்பும்படி பிள்ளைகளுக்கு அழைப்பும் இருந்தது. விடுமுறைக்கு நல்ல வேலைதான். ஆனால் கணக்கு இடிக்கிறது.

திரையில் விநாடிக்கு 24 அசையாப் படங்கள் ஓடும். பொம்மையைக் கையால் சிறிது சிறிதாக நகர்த்தி ஒவ்வொன்றாகப் படமெடுப்பவர்கள் ஒவ்வொரு படத்தையும் இரண்டு முறை ஓட்டி, 12 படங்களில் சமாளிப்பது வழக்கம். அப்படிப் பார்த்தாலும் மூன்று நிமிடத்துக்கு 2,160 படங்கள் வேண்டும். நிமிடத்துக்கு ஒன்று என்று விடாமல் எடுத்தால் 36 மணி நேரம் ஆகும். பத்து வயதுப் பிள்ளை முதல் நாளே பொம்மையைத் தூக்கி எறிந்துவிடும். இருபது விநாடி என்றால் 240 படம், நாலு மணி நேரம். ஒரு சனிக்கிழமையில் முடிந்துவிடும்.

கட்டுரையில் ஒரு திருத்தமும் உண்டு. 2014இல் வந்த லெகோ படம் கட்டுரையில் சொன்னபடி நிஜக் கட்டைகளை நகர்த்தி எடுத்ததல்ல. மனிதர்கள் வரும் பகுதியைத் தவிர்த்தால் மற்றது ஏறக்குறைய எல்லாமே கணினி வேலை. நிஜப் பொம்மையின் மூட்டு எங்கே திரும்புமோ அங்கே மட்டும் திருப்பியதால் கையால் எடுத்ததுபோல் தெரிகிறது. 1995இல் வந்த டாய் ஸ்டோரியிலும் இதே கவனம் உண்டு. முழுக்கக் கணினியில் உருவான முதல் முழுநீளப் படம் அது. அன்றைய கணினிக்கு மனிதத் தோலும் முடியும் பெரும்பாடு, பிளாஸ்டிக் சுலபம். பொம்மைக் கதைக்குப் போனதற்கு அதுவும் ஒரு காரணம். அதில் வரும் பச்சைச் சிப்பாய்களின் இரண்டு காலும் ஒரே தட்டில் ஒட்டியிருக்கும். அவர்கள் எப்படி நடப்பார்கள் என்று கண்டுபிடிக்க, படத்தில் வேலை செய்தவர்கள் காலணிகளைப் பலகையில் ஆணியடித்து, அதை மாட்டிக்கொண்டு நடந்து பார்த்தார்கள். பிள்ளைகளுக்கு முதலில் இதைத்தான் சொல்லித்தர வேண்டும். சக்கரம் வைத்த பொம்மை உருளட்டும், பஞ்சுப் பொம்மை தொய்ந்து விழுந்து எழட்டும். எல்லாவற்றையும் மனிதர்போல நடக்கவிட்டால் எந்தப் பொம்மையாக இருந்தாலும் ஒன்றுதான்.

இனி கருவிகள். ஒரு விவேகக் கைப்பேசி போதும். ஸ்டாப் மோஷன் ஸ்டுடியோ என்ற செயலியின் இலவசப் பதிப்பே தாராளம். முந்தைய படம் நிழலாகத் தெரியும் வசதி அதில் இருக்கிறது. நடுவில் பொம்மை சரிந்து விழுந்தால் பழைய இடத்தில் நிறுத்த அதை விட்டால் வேறு வழியில்லை. தாங்கி வாங்க வேண்டாம். பெரிய மைலோ டின்னில் மணலை நிரப்பி, கைப்பேசியை இரண்டு ரப்பர் பேண்டால் அதில் இறுக்கினால் அசையாது. திரையைத் தொட்டுப் படமெடுத்தால் ஒவ்வொரு முறையும் கைப்பேசி அரை மில்லிமீட்டர் நகர்ந்து, ஓட்டிப் பார்க்கும்போது வீடே நடுங்கும். கம்பி வைத்த காதுக்கருவியைச் செருகினால் பல கைப்பேசிகளில் அதன் ஒலிப் பொத்தானே படமெடுக்கும். ஃபோகஸையும் வெளிச்ச அளவையும் பூட்டிவிட்டு, ஃபிளைட் மோடு போட்டுவிடுங்கள். நூறாவது படத்தில் யாராவது அழைத்தால் கைப்பேசி அதிர்ந்து இடம் மாறிவிடும்.

பெரும்பாலான படங்கள் கெடுவது வெளிச்சத்தால்தான். சன்னலோரம் வைத்து எடுக்கவே கூடாது. நம் மலேசியாவில் மதியம் மூன்று மணிக்கு வானம் கறுக்கும், நாலு மணிக்கு வெயில் வரும். ஓட்டிப் பார்த்தால் மின்னல் வெட்டுவதுபோல் இருக்கும். சன்னலைப் போர்வையால் மூடி, இரண்டு மேசை விளக்குகளை வையுங்கள். மலிவான எல்.இ.டி. பல்பில் படத்தின் குறுக்கே கறுப்புப் பட்டை விழலாம். நம் மின்சாரம் விநாடிக்கு 50 சுழற்சி, அதனால் அத்தகைய விளக்கு 100 முறை மங்கித் தெளிகிறது. ஷட்டரை, அதாவது ஒரு படத்துக்குக் கேமரா வெளிச்சத்தை உள்ளே விடும் நேரத்தை, 1/50 அல்லது 1/25 விநாடி என்று வைத்தால் பட்டை மறையும். வெள்ளைச் சட்டை போட்டவர் குனிந்து எழுந்தாலும் வெளிச்சம் மாறும். கறுப்புச் சட்டை நல்லது. காற்றாடியை நிறுத்துங்கள். வேர்க்கத்தான் செய்யும்.

நகர்த்துவதில் கஞ்சத்தனம் வேண்டும். கிளம்பும்போது முதல் படத்துக்கு 2 மில்லிமீட்டர், அடுத்ததற்கு 4, அடுத்து 7, பிறகு 10 என்று வேகம் பிடிக்கட்டும். நிற்கும்போது அதே கணக்கைத் தலைகீழாக்குங்கள். சட்டென்று கிளம்பிச் சட்டென்று நின்றால் பொம்மைக்கு எடையே இல்லாததுபோல் தெரியும். திரும்பும்போது முதலில் தலை, இரண்டு படம் கழித்து உடம்பு. எட்டுப் படம் அசையாமல் விட்டால் அது யோசிப்பதாகப் பார்ப்பவர் நம்பிவிடுவார். பாதத்துக்கு அடியில் கடலை அளவு புளூ டேக் என்ற ஒட்டுப் பசையை உருட்டி ஒட்டினால் ஒற்றைக் காலிலும் நிற்கும். பறக்கவிட ஆசையா? பொம்மையைத் தரையில் படுக்கவைத்து மேலிருந்து எடுங்கள், நூலே வேண்டாம்.

பேசவைக்க வாய்களைக் காகிதத்தில் வெட்டி ஒட்டலாம். ஐந்து போதும்: மூடியது, ஆ, ஈ, ஊ, கீழுதட்டைப் பல் தொடும் ‘வ’. ‘அம்மா’ என்றால் அ-வுக்கு 2 படம், இதழ் மூடி 2 படம், மா-வுக்கு 4. ஒற்றை ‘ம’ என்றால் மூடிய வாய் ஒரே படம்தான். அதை இரண்டாக்கினால் பொம்மை திக்கும். ‘தாத்தா’வில் இதழ் மூடுவதே இல்லை, அதனால் முதல் வசனத்துக்கு அது சுலபம். ‘பாப்பா’வை அடுத்த குறும்படத்துக்கு வைத்துக்கொள்ளலாம். குரலை முதலில் பதிந்துவிட்டு அதற்கேற்ப வாயை மாற்ற வேண்டும். பதிவு காலையில் நடக்கட்டும். தகரக் கூரையில் மழை இறங்கினால் ஒரு சொல்லும் கேட்காது.

கடைப் பொம்மைதான் வேண்டும் என்பதும் இல்லை. செம்பனைக்கு மாறாத தோட்டங்களில் ரப்பர் கொட்டை இன்னும் கிடைக்கிறது. ஆணியடித்தால் ஓடு பிளந்துவிடும்; 2 மில்லிமீட்டர் துரப்பணத்தால் மெல்லத் துளையிட்டு, அலுமினியக் கம்பியைக் காலாகச் செருகலாம். இரும்புக் கம்பி வளைத்த இடத்தில் நிற்காமல் திமிறும். அலுமினியம் நிற்கும், ஆனால் திரும்பத் திரும்ப வளைத்தால் முழங்காலில் ஒடியும். நாலு கால் கூடுதலாக வெட்டி வையுங்கள். ஓட்டின் பளபளப்பில் விளக்கு தெறித்தால் கொஞ்சம் முகப்பவுடர் தடவினால் போதும். உள்ளே இருக்கும் பருப்பு நஞ்சு, சின்னப் பிள்ளைகள் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆகவே அடுத்த ஞாயிறு அறிவிப்பில் மூன்று நிமிடத்தை 20 விநாடியாகத் திருத்தி, கடைசி நாளை விடுமுறை முடியும்வரை நீட்டிக்கக் கேட்டுக்கொள்கிறேன். இசை கட்டாயம் என்ற விதியையும் எடுத்துவிட்டால் நல்லது. காலடிச் சத்தத்துக்கு ஒரு தீப்பெட்டியைத் தட்டினாலே போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்
சுங்கை சிப்புட், பேராக்