பந்து ஒருவர் கையில், மற்ற 39 பேர் வேடிக்கை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மீன்பிடித் தடைக்காலம் முடிகிற ஜூன் மாதத்தில்தான் பள்ளிகளும் திறக்கின்றன. முதல் வார ஆங்கில வகுப்புகளில் ‘ஐஸ்பிரேக்கர்’ என்று பந்து எறிந்து பெயர் சொல்ல வைப்பது வழக்கமாகிவிட்டது. கூச்சம் தெளியத்தான் செய்கிறார்கள். ஆனால் 40 பிள்ளைகள், 10 நிமிடம் என்றால் ஆளுக்கு 15 விநாடிதான் பேச்சு. பந்து வந்ததும் வகுப்பே திரும்பிப் பார்ப்பதால், கூச்சப்படுகிற பிள்ளை இன்னும் சுருங்கிப்போகும்.

எதிரெதிர் வரிசை இதைவிட மேல். இருபது இருபது பேராக முகம் பார்த்து நிற்க வேண்டும். கரும்பலகையில் ‘டூ யூ லைக்...?’, அதன் கீழ் ‘எஸ், ஐ டூ’, ‘நோ, ஐ டோன்ட்’. இதை எல்லோரும் இரண்டு தடவை சேர்ந்து சொன்ன பிறகே தொடங்க வேண்டும். இல்லாவிட்டால் பேச்சு தமிழில்தான் ஓடும். நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு வரிசை மட்டும் ஓரிடம் நகரும். கடைசி ஆள் முதலிடத்துக்கு வந்துவிடுவார். ஆறு பேரோடு பேசினால் ஒவ்வொருவருக்கும் மூன்று நிமிடப் பேச்சு கிடைத்துவிடும். ஒற்றைப்படை வந்தால் ஓரிடத்தில் மூவர் நிற்கட்டும். ஆசிரியர் ஜோடி சேர்ந்துவிட்டால் மற்றவர்கள் பேசுவது அவர் காதில் விழாது.

கேள்வி ஊருக்குத் தகுந்ததாக இருக்க வேண்டும். பாம்பனில் போய் ‘டூ யூ லைக் ஃபிஷ்?’ என்றால் எல்லோரும் ‘எஸ்’தான், பேச்சு அங்கேயே நின்றுவிடும். ‘கிராப்’ (நண்டு), ‘ஸ்குயிட்’ (கணவாய்) என்று பிரித்துக் கேட்டால் பதில் மாறும், பிள்ளைகளுக்கும் ருசிக்கும். ‘அப்பா என்ன செய்கிறார்?’ என்பதை மட்டும் முதல் நாளில் தொடவே கூடாது. இந்தக் கரையில் அப்பா வளைகுடா நாட்டில் இருக்கலாம், இலங்கைச் சிறையில் இருக்கலாம், கடலுக்குப் போனவர் திரும்பாமலும் இருந்திருக்கலாம்.

கேள்விகளைத் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுப்பவர்கள் பழைய நோட்டு அட்டையை வெட்டிக்கொள்வது நல்லது. ஜூன் மாதக் கச்சான் காற்றில் வெறும் தாள் வகுப்பில் நிற்காது.

பேசும்போது நடுவில் திருத்தினால் வாய் மூடிக்கொள்ளும். தவறுகளை மட்டும் குறித்துக்கொண்டு, முடிந்ததும் தோழியைப் பற்றி ஒரு வரி சொல்லச் சொல்லலாம். ‘ஷி லைக் கிராப்’ என்றுதான் பெரும்பாலும் வரும். அந்த விடுபட்ட ‘ஸ்’தான் மறுநாள் பாடம். ‘ஐ ஆம் லைக்’ என்பதும் வரும். ‘ஐ ஆம்’ என்றே பழகிய நாக்கு அது, ஒரே நாளில் மாறாது.

வட்டார வள மையப் பயிற்சிகளில் விளையாட்டுகளின் பெயரைச் சொல்வதோடு விடாமல், ஆசிரியர்களையே இப்படி இரண்டு வரிசையில் நிற்க வைத்து ஒருமுறை நடத்திக் காட்ட வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
ஆங்கில ஆசிரியர்கள் சிலர்,
மண்டபம், இராமநாதபுரம் மாவட்டம்.