மொட்டை வயல் படம்: எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

பிரான்சின் தெற்கே, ப்ரொவான்ஸில் இருக்கும் ஆப்த் ஊரிலிருந்து வணக்கம். இங்கே குளிர் வந்துவிட்டது. சைக்கிள்கள் எல்லாம் கொட்டகையில் தொங்குகின்றன. வழக்கமாக இந்தச் சமயத்தில் அடுத்த வருடப் பயணத் தேதிகளை மட்டும் எழுதி அனுப்புவோம். இந்தத் தடவை மடல் கொஞ்சம் நீளம். ஏன் என்று உங்களில் பலருக்குத் தெரியும். வாட்ஸ்அப்பில் உங்களுக்கு வந்த அதே படம் எங்களுக்கும் வந்தது, மூன்று வேறு ஆட்களிடமிருந்து, "அண்ணே, இது உங்க டூரா?" என்ற கேள்வியோடு.

ஆமாம், எங்கள் டூர்தான். படத்தின் ஓரத்தில் தெரியும் தொப்பி என்னுடையது.

"ப்ரொவான்ஸில் லாவெண்டர் காட்டுகிறோம் என்று காசு வாங்கிக்கொண்டு மொட்டை வயலைக் காட்டினார்கள்" என்று கீழே எழுதியிருக்கிறது. வயல் மொட்டைதான், அதை மறுக்கவில்லை. பத்து நாள் முன்னால் வந்திருந்தால் அதே இடம் ஊதாவாக இருந்திருக்கும். அந்தக் குழு வந்தது ஜூலை நான்காம் வாரம். அவர்களுக்கு லீவு அப்போதுதான் கிடைத்தது. ஜூலை 15-க்குப் பிறகு பூ இருக்கும் என்று உறுதி சொல்ல முடியாது என நாங்கள் அனுப்பும் தாளில் எழுதியிருக்கிறோம். மூன்றாம் பக்கத்தில். முதல் பக்கத்தில் செனான்க் மடத்தின் முன்னால் பூத்துக் குலுங்கும் படம் இருக்கிறது என்பதையும் நானே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் வேறு யாராவது சொல்வார்கள்.

இந்தப் பூ விஷயத்தைச் சரியாகச் சொல்ல எங்களுக்கு இதுவரை ஒரு வாய்ப்பு வரவில்லை, அதனால் பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் படங்களில் பார்க்கும் ஊதா வயல்களில் பெரும்பாலானவை அசல் லாவெண்டரே இல்லை. லவாந்தின் என்ற கலப்பினம். அது தாழ்வான நிலத்தில் நன்றாக வளரும், எண்ணெய் நிறையத் தரும், வாசனையில் கற்பூரம் தூக்கலாக இருக்கும். சோப்பு, சலவைத்தூள் எல்லாவற்றுக்கும் போவது அதுதான். அசல் லாவெண்டர் மேட்டு நிலத்துப் பயிர். தாழ்வான இடத்து வயல்கள் ஜூன் கடைசியில் பூக்கும், ஜூலை நடுவில் அறுப்பு தொடங்கிவிடும். மேலே சோ என்ற ஊர்ப் பக்கம், கடல் மட்டத்துக்குச் சுமார் 750 மீட்டர் உயரத்தில், எல்லாமே தாமதம். அங்கே லாவெண்டர் திருவிழாவே ஆகஸ்ட் 15-இல்தான். விவசாயி பூ வாடத் தொடங்கும் நேரம் பார்த்து அறுப்பார், எண்ணெய் அப்போதுதான் கூடும். நம் கேமராவுக்காக ஒரு நாள் கூடக் காத்திருக்க மாட்டார். செனான்கிலும் அப்படித்தான். 1148-இல் தொடங்கிய மடம் அது. இன்றும் துறவிகள் இருக்கிறார்கள், அந்த வயல் அவர்கள் பிழைப்பு.

சரி, அன்று என்ன நடந்தது என்பதையும் சொல்கிறேன். வயலைப் பார்த்ததும் எல்லோர் முகமும் வாடியது. எனக்கும்தான். மறுநாள் சோவுக்குப் போகலாம் என்றேன். ஆப்திலிருந்து முப்பது கிலோமீட்டருக்கு மேல், பெரும்பகுதி ஏற்றம், போதாததற்கு வடக்கிலிருந்து மிஸ்ட்ரால் காற்று. அந்தக் காற்றில் ஓட்டியவர்களுக்குத் தெரியும், இறக்கத்திலும் பெடல் மிதிக்க வேண்டியிருக்கும். ஒன்பது பேரில் ஐந்து பேர், வேண்டாம், சனிக்கிழமைச் சந்தைக்கே போகலாம் என்றார்கள். நியாயம்தான், ஆப்த் சந்தை பார்க்க வேண்டியது, சர்க்கரைப் பாகில் ஊறிய பழங்களுக்குப் பேர்போன ஊர் இது. மற்ற நான்கு பேரையும் சைக்கிள்களோடு வேனில் ஏற்றி மேலே கொண்டுபோனோம். அவர்கள் ஊதா வயலுக்கு நடுவே ஓட்டினார்கள், படம் எடுத்தார்கள். அந்தப் படம் எந்தக் குழுவிலும் சுற்றவில்லை.

நான்கு பேர் பார்த்திருக்க, ஒன்பது பேருமே பார்க்கவில்லை என்பதுபோலச் சொல்வதில் எங்களுக்கு வருத்தம் இருக்கத்தானே செய்யும்? விலை அதிகம் என்று சொல்லியிருந்தால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். ஏமாற்றினார்கள் என்ற சொல்தான் தொண்டையில் நிற்கிறது.

இருந்தாலும் முதல் பக்கத்துப் படம் தவறுதான். எடுத்துவிட்டோம். அங்கே இப்போது கலவோன் ஆற்றின் மேல் நிற்கும் போன் ழூலியன் பாலம் இருக்கிறது. கிறிஸ்து பிறப்பதற்கு முன்பே ரோமானியர் கட்டியது, மூன்று வளைவு, 2005 வரை அதன்மேல் கார் போய்க்கொண்டிருந்தது, இப்போது நடப்பவர்களுக்கும் நமக்கும் மட்டும். அதை எந்த மாதமும் யாரும் அறுத்துக்கொண்டு போக மாட்டார்கள். இனி லாவெண்டர் என்ற பெயரில் ஜூன் கடைசி வாரத்திலும் ஜூலை முதல் வாரத்திலும் மட்டும்தான் பயணம். ஜூலைக் கடைசிப் பயணத்துக்கு 'அறுவடைப் பயணம்' என்று பெயர் மாற்றியாயிற்று. பூவிலிருந்து எண்ணெய் வடிக்கும் ஆலை ஓடும் நாட்கள் அவை, ஊரே மணக்கும், எனக்கு அதுதான் அதிகம் பிடிக்கும். மே கடைசியில் செர்ரிப் பழம், செப்டம்பரில் திராட்சை அறுப்பு, இரண்டும் வழக்கம்போல. வெயில் காலத்தில் காட்டுத்தீ அபாயம் அதிகமான நாட்களில் அரசு காட்டுக்குள் போகத் தடை போடும், அதனால் போன்யூ ஊருக்கு மேலே உள்ள தேவதாருக் காடு அன்று கிடைக்காது. இதை இந்தத் தடவை முதல் பக்கத்திலேயே போட்டிருக்கிறோம்.

அடுத்தது ஆள் விஷயம். உங்கள் செயினுக்கு எண்ணெய் விட்ட, பஞ்சர் ஒட்டிய, கோர்த் ஏற்றத்தில் "இன்னும் ரெண்டு வளைவுதான் அக்கா" என்று பொய் சொல்லி உங்களை மேலே கொண்டுவந்த மெக்கானிக் தம்பி லியோன் நகரத்துக்கு வேலைக்குப் போய்விட்டார். கோபம் ஒன்றும் இல்லை. இங்கே வேலை ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரைதான். அங்கே பன்னிரண்டு மாதமும் சம்பளம், அவருக்கு இப்போது குழந்தையும் இருக்கிறது. அவர் இடத்துக்குத் தமிழும் பிரெஞ்சும் பேசி, பிரேக்கும் சரிசெய்யத் தெரிந்த ஆளைத் தேடிப் பார்த்தோம், கிடைக்கவில்லை. ஆகவே வரும் பருவத்தில் வழிகாட்டியும் நான், மெக்கானிக்கும் நான். பைகளைக் காலையில் ஒரு வாடகை வண்டி வந்து அடுத்த விடுதிக்குக் கொண்டுபோய்விடும், வேன் பின்னால் வராது, மற்றபடி காலை உணவு முதல் இரவு ரசம் வரை எதுவும் மாறவில்லை. ரசம் என் மனைவியின் பொறுப்பு என்பதால் அதில் கை வைக்க எனக்கு அதிகாரமும் இல்லை.

விலையையும் சொல்லிவிடுகிறேன். ஆறு இரவுப் பயணம் 1,490 யூரோவாக இருந்தது, இனி 1,620. அறை வாடகை, காப்பீடு, இ-பைக் வாடகை மூன்றும் ஏறின. ஏறாதது என் கால்வலித் தைலம் மட்டும்தான். சென்னை, கோவையிலிருந்து வருகிறவர்கள் கவனிக்க: ஷெங்கன் விசாக் கட்டணம் 2024 ஜூன் முதல் 80 யூரோவிலிருந்து 90 ஆகிவிட்டது. அதை எங்கள் கணக்கில் எழுதாதீர்கள்.

மோன் வான்தூ மலை பற்றியும் சிலர் கேட்டிருக்கிறீர்கள். 1,910 மீட்டர், பெதுவானிலிருந்து ஏறினால் சுமார் 21 கிலோமீட்டர். அது எங்கள் பயணத்தில் எப்போதும் இருந்ததில்லை. ஆசைப்படுகிறவர்கள் பயணம் முடிந்து ஒரு நாள் கூடுதலாகத் தங்குங்கள். நான் கீழே காபிக் கடையில் உட்கார்ந்து காத்திருக்கிறேன்.

எங்களுக்காகப் பேசியவர்களுக்கு நன்றி சொல்லாமல் இந்த மடலை முடிக்க மனம் வரவில்லை. அந்தப் படம் வந்த அரை மணி நேரத்தில், நாங்கள் பார்ப்பதற்கு முன்பே, "நான் ரெண்டு தடவை போயிருக்கேன், அவங்க அப்படி ஆளுங்க இல்லை" என்று எழுதிய லண்டன் அக்காவுக்கு நன்றி. மூன்று தடவை வந்து, ஒவ்வொரு தடவையும் ஆவக்காய் ஊறுகாய் கொண்டுவந்து கொடுத்த கோவை டாக்டர் தம்பதிக்கு நன்றி. அறுபத்தெட்டு வயதில் இ-பைக்கில் கவய்யோனிலிருந்து ஆப்த் வரை பழைய ரயில் பாதையில் ஓட்டி வந்து, "பேட்டரி பாதிதான் செலவாச்சு" என்று காட்டிய பாட்டியம்மாவை நினைத்தால் எங்களுக்கு இன்னும் சிரிப்பு வருகிறது. ஒன்பது வருடமாக விளம்பரம் என்று ஒன்றும் செய்ததில்லை. நீங்கள் ஒருவருக்கொருவர் சொல்லித்தான் இந்தக் கொட்டகையில் இத்தனை சைக்கிள் தொங்குகிறது.

பழைய வாடிக்கையாளர்களுக்கு ஜனவரி 31 வரை பழைய விலையே. முன்பணம் 300 யூரோ. உங்கள் உயரத்தையும் மறக்காமல் எழுதுங்கள், போன தடவை இரண்டு பேர் சொல்லாமல் வந்து முதல் நாள் முழுக்க சீட்டை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தேன்.

அன்புடன்,
ஆப்த் சைக்கிள் கொட்டகையிலிருந்து
நாங்கள் இருவரும்

பி.கு.: படத்தைப் போட்டவருக்கு. உங்கள் பச்சை மழைக்கோட்டு இங்கேயே இருக்கிறது, துவைத்து வைத்திருக்கிறோம். பொங்கலுக்குப் பாரிஸ் வருகிறேன், எடுத்து வரவா?